தோட்டக்கலை மாணவனுக்கு இடையஞ்சாவடி சொல்லும் பாடம்

தோட்டக்கலைப் படிப்பு என்றதும் பலருக்கும் ரோஜாச் செடியும் மாங்கன்று ஒட்டும்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் இந்தப் படிப்பின் வேர் பழையது. 1868-ல் சைதாப்பேட்டைப் பண்ணையில் தொடங்கிய வேளாண் கல்வி, 1906-ல் கோவைக்குப் போனது. 1971-ல் அது பல்கலைக்கழகம் ஆனது. இன்று தோட்டக்கலை நான்காண்டு தனிப் பட்டப்படிப்பு. பதியம், ஒட்டு, கவாத்து, உரம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் மண்ணே இல்லாத இடத்தில் என்ன செய்வது?

அதற்கு விடை தேட புதுச்சேரிக்கு வடக்கே, வானூர் வட்டத்தில் உள்ள இடையஞ்சாவடிக்குப் போகலாம். 1968 பிப்ரவரி 28 அன்று இதன் அருகே ஆரோவில் தொடங்கியபோது, அந்த மேடு பெரும்பாலும் வெறும் செம்மண் பொட்டல். காடு அழிந்ததால் மேல்மண் போய்விட்டது. வடகிழக்குப் பருவமழை கொட்டினால் தண்ணீர் ஓடைகளை அறுத்துக்கொண்டு, மண்ணோடு கடலுக்கு ஓடியது.

அங்கே குடியேறியவர்களும் சுற்றுக் கிராம மக்களும் மரம் நட்டதோடு நிற்கவில்லை. மழைநீர் நிற்க வரப்பு போட்டார்கள், ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள். வறண்ட மண்ணிலும் வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியாவை நட்டார்கள். அதன் வேர் முடிச்சுகள் மண்ணில் நைட்ரஜனைச் சேர்த்தன, சருகு உரமானது. அந்த நிழலில் வீரை, காசா, கருங்காலி போன்ற நாட்டு மரங்கள் வளர்ந்தன.

இந்த நாட்டு மரங்கள் அழியாமல் இருந்தது எங்கே தெரியுமா? கோயில் காடுகளில்! மரக்காணம் போகும் கடற்கரைச் சாலையில், கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி அப்படி ஒரு காடு இன்றும் நிற்கிறது. சாமிக்குப் பயந்து கிளை ஒடிக்காமல் விட்ட மக்கள்தான் ஒரு விதை வங்கியைக் காப்பாற்றித் தந்தார்கள்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தது. வேர் ஆழமில்லாத அக்கேசியா மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. சீக்கிரம் வளரும் மரம் தொடக்கத்துக்கு உதவும், அதையே நம்பி இருக்க முடியாது என்பதைப் புயல் காட்டியது.

ஆகவே தோட்டக்கலை மாணவன் கற்க வேண்டியவை மூன்று. முதலில் தண்ணீர், பிறகு மண், அதன்பின் செடி என்ற வரிசை. அந்த ஊருக்கு உரிய மரங்களின் பெயரும் குணமும். அவற்றைத் தலைமுறைகளாகக் காத்த ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பணிவு.

நாளை ஒரு விவசாயி "என்ன கன்று வைக்கலாம்?" என்று கேட்டால், "உங்கள் நிலத்தில் பெய்யும் மழை எங்கே போகிறது?" என்று முதலில் கேட்பவனே உண்மையில் படித்தவன்.