மணியடித்த கம்பிகள்

எரிவாயு கசியக்கூடிய ஆலைகளில் அழுத்தமானி, வெப்பமானி போன்ற கருவிகளுக்கு வெளிர்நீல நிறத்தில் ஒரு கேபிள் போகும். மோட்டாருக்குப் போகும் பவர் கேபிளோடு அதை ஒன்றாகச் சேர்த்து இழுக்கக் கூடாது. இந்தப் பழக்கத்தின் வேர் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் சுரங்கங்களில் நிலக்கரி வண்டிகளைக் கயிறு கட்டி இயந்திரம் இழுக்கும். "நிறுத்து", "இழு" என்று இயந்திரக்காரருக்குச் சொல்ல, சுரங்கப் பாதை நெடுக இரண்டு வெற்றுக் கம்பிகள் கட்டியிருப்பார்கள். உறை கிடையாது! தொழிலாளி எங்கே நின்றாலும் கம்பிகளை ஒன்றோடொன்று தொட வைத்தால், அல்லது ஒரு கத்தியைக் குறுக்கே வைத்தால், தூரத்தில் மணி அடிக்கும். பேட்டரிதானே, சில வோல்ட்தானே, இதில் என்ன ஆபத்து என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

1912-ல் தெற்கு வேல்ஸில் பெட்வாஸ் சுரங்கம் வெடித்தபோதே மணிக்கம்பியின் மீது சந்தேகம் விழுந்தது. 1913 அக்டோபர் 14 காலையில், அதே வட்டாரத்துச் செங்கெனித் சுரங்கம் வெடித்தது. 439 தொழிலாளர்களும் மீட்கப் போன ஒருவரும் இறந்தார்கள். பிரிட்டனின் மிக மோசமான சுரங்க விபத்து இதுதான். காரணம் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் மணிக்கம்பியின் தீப்பொறி முக்கியமான சந்தேகமாக இருந்தது. மேலாளருக்கு 24 பவுண்டு, கம்பெனிக்கு 10 பவுண்டு அபராதம். 440 உயிர்களுக்கு இவ்வளவுதான்.

இதன்பிறகு வீலர், தார்ன்டன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் மணிச் சுற்றுகளைச் சோதித்தார்கள். வோல்ட்டை மட்டும் பார்ப்பது தவறு என்று தெரிந்தது. மணிக்குள் இருக்கும் காந்தச் சுருள் ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. கம்பியைப் பிரித்த கணத்தில் அந்த ஆற்றல் முழுவதும் பிரிந்த இடத்தில் பொறியாகப் பாய்கிறது. மீத்தேனும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்திருந்தால் ஒரு மில்லிஜூலில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம், பற்றிக்கொள்ளும். ஆகவே சுருளின் குறுக்கே மின்தடை போடுவது போன்ற வழிகள் வந்தன. கம்பி அறுந்தாலும் ஒட்டினாலும் வரும் பொறி வாயுவைப் பற்ற வைக்க முடியாதபடி சுற்றையே அமைப்பது என்ற கொள்கை இங்கிருந்துதான் பிறந்தது.

பின்னாளில் ஜீனர் தடுப்பான் வந்தது. ஆபத்தில்லாத பகுதியில் இருந்துகொண்டு, கருவிக்குப் போகும் வோல்ட்டையும் மின்னோட்டத்தையும் இது கட்டுப்படுத்துகிறது. வழக்கமான ஒரு வகை 28 வோல்ட், 93 மில்லி ஆம்பியருக்கு மேல் விடாது. அதிகமாக வந்தால் எர்த்துக்குத் திருப்பிவிட்டு உள்ளே இருக்கும் ஃப்யூஸ் போய்விடும்.

ஆனால் தடுப்பானைத் தாண்டிய பிறகு, பக்கத்தில் ஓடும் பவர் கேபிளின் உறை கிழிந்து சிக்னல் கம்பியில் பட்டால்? தடுப்பான் பின்னால் நின்றுவிட்டது, அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பிரித்து இழுப்பதும், நீல நிறமும், பெட்டிக்குள் இரண்டு வகை டெர்மினல்களுக்கும் நடுவில் 50 மில்லிமீட்டர் இடைவெளியோ தடுப்புத் தகடோ விடுவதும் இதற்காகத்தான்.