கிளிட்ச்கோ சகோதரர்கள்

உக்ரைனைச் சேர்ந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்கள். மூத்தவர் விட்டாலி 1971இலும் இளையவர் விளாடிமிர் 1976இலும் பிறந்தனர். தந்தை சோவியத் விமானப்படை அதிகாரி.

விளாடிமிர் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். நீண்ட இடது கையால் எதிராளியை எட்டவே நிறுத்திவைத்து, தக்க நேரத்தில் வலது கைக் குத்தை இறக்குவது அவர் பாணி. 2006 முதல் 2015 வரை உலகப் பட்டம் அவரிடமே இருந்தது. 69 போட்டிகளில் 64 வெற்றி, 5 தோல்வி; தோல்விகளுள் நான்கில் ஆட்டம் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

விட்டாலியின் அசைவில் அந்த நயம் இல்லை. அடி தாங்கும் உறுதி மிக அதிகம். 47 போட்டிகளில் 45 வெற்றி. இரண்டு தோல்விகளும் காயத்தால் வந்தவை. 2003இல் லெனாக்ஸ் லூயிஸுடன் மோதியபோது இடது கண்ணுக்கு மேல் ஆழமாகக் கிழிந்து இரத்தம் வழிய, 6 சுற்றுகளுடன் ஆட்டம் நிறுத்தப்பட்டது. அதுவரை மூன்று நடுவர்களின் கணக்கிலும் விட்டாலியே முன்னணியில் இருந்தார். தொழில்முறைப் போட்டிகளில் அவரை யாரும் தரையில் வீழ்த்தியதில்லை.

2000இல் அண்ணனை வென்ற கிறிஸ் பேர்டை அதே ஆண்டு தம்பி வென்றார்; தம்பியைச் சாய்த்த கோரி சாண்டர்ஸை 2004இல் அண்ணன் வீழ்த்தினார். தாய்க்குக் கொடுத்த வாக்குப்படி இருவரும் ஒருவரோடொருவர் மோதவே இல்லை.

சாதனைப் பட்டியலில் தம்பியும் நெஞ்சுரத்தில் அண்ணனும் மேலானவர்கள். விட்டாலி 2014இல் கீவ் நகர மேயரானார். விளாடிமிர் 2017இல் ஓய்வு பெற்றார்.