சிபுயாவுக்கு வந்து சேர்ந்த ஓவியம்

டோக்கியோவின் சிபுயா ரயில் நிலையத்தில் யமனோதே வண்டியை விட்டிறங்கி இனோகாஷிரா வழித்தடத்துக்கு மாறுகிறவர்கள், மாடியில் ஓர் அகலமான இணைப்புப் பாதையைக் கடந்துதான் போக வேண்டும். பாதையின் ஒரு பக்கம் கண்ணாடி. அதன் வழியே கீழே பார்த்தால், பச்சை விளக்கு எரிந்ததும் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் ஜனங்கள் இறங்கி நடக்கும் உலகப் புகழ்பெற்ற நாற்சந்தி. எதிர்ப்பக்கச் சுவரில் 30 மீட்டர் நீளம், ஐந்தரை மீட்டர் உயரத்துக்கு ஓர் ஓவியம். அதன் நடுவே ஓர் எலும்புக்கூடு எரிந்துகொண்டிருக்கிறது.

ஓவியத்தின் பெயர் ‘அசு நோ ஷின்வா’, நாளைய புராணம். வரைந்தவர் தாரோ ஒகாமோட்டோ. அணுகுண்டு வெடிக்கும் கணம்தான் அதன் பொருள். எலும்புக்கூடு வெறும் வண்ணமாக இல்லாமல் பரப்பிலிருந்து புடைத்து நிற்கிறது. அதைச் சுற்றிச் சிவப்புத் தீநாக்குகள் நாலாபக்கமும் சீறுகின்றன. வலது கீழ்ப்பகுதியில் ஒரு சின்னக் கப்பல், சூரை மீனை இழுத்துக்கொண்டு போகிறது. 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மேல் விழுந்தது. ‘ஐந்தாம் ஃபுகுரியு மாரு’ என்ற அந்தப் படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். படகின் வானொலித் தொடர்பாளர் அய்கிச்சி குபோயாமா அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். படத்தில் இருப்பது அந்தப் படகு.

இந்த ஓவியம் பிறந்தது ஜப்பானில் இல்லை, மெக்சிகோவில். மனுவேல் சுவாரெஸ் என்ற தொழிலதிபர், 1968 ஒலிம்பிக்ஸை மனத்தில் வைத்து மெக்சிகோ நகரத்தில் வானளாவிய ஹோட்டல் ஒன்றைக் கட்டத் தொடங்கியிருந்தார். அதன் முகப்புக் கூடத்துக்குப் பெரிய சுவரோவியம் வேண்டும் என்று ஒகாமோட்டோவைக் கேட்டார். ஒகாமோட்டோ அப்போது சும்மா இருந்தவர் அல்ல. 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்காக 70 மீட்டர் உயரச் ‘சூரிய கோபுர’த்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு நடுவே மெக்சிகோவுக்குப் போய்ப் போய் வரைந்தார். மனிதகுல முன்னேற்றத்தைக் கொண்டாடும் கண்காட்சிக்கு ஒரு கை, அந்த முன்னேற்றம் எரித்த உடலுக்கு இன்னொரு கை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒகாமோட்டோ பிடிபடுவார் என்பது என் எண்ணம்.

சுவாரெஸுக்குப் பணமுடை வந்தது. ஹோட்டல் முடியாமல் நின்றது. ஏறத்தாழ முடிந்து, கூடத்தில் தற்காலிகமாக மாட்டப்பட்டிருந்த ஓவியம் கழற்றப்பட்டது. கட்டடம் பின்னாளில் மெக்சிகோவின் உலக வர்த்தக மையமாக மாறியது. கழற்றிய ஓவியம் எங்கெங்கோ கைமாறி, யார் பொறுப்பிலும் இல்லாமல் மறைந்தது. ஒகாமோட்டோ 1996இல் இறந்தபோது அது இருக்கும் இடம் தெரியாது.

விடாமல் தேடியவர் தோஷிகோ ஒகாமோட்டோ. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தாரோவுக்குச் செயலாளராகவும் துணையாகவும் இருந்தவர். சட்டப்படி வளர்ப்பு மகள். 2003 செப்டம்பரில், மெக்சிகோ நகரின் புறநகர்ப் பகுதியில் கட்டடப் பொருள் கிடங்கு ஒன்றில் அந்தப் பலகைகளை நேரில் கண்டு அடையாளம் சொன்னார். விரிசல் விட்டு, விளிம்புகள் உடைந்து, வண்ணம் மங்கிக் கிடந்தது. அதை வாங்கி ஜப்பானுக்குக் கொண்டுவர அவர் ஓடிய ஓட்டம் கொஞ்சமல்ல. 2005 ஏப்ரலில், ஓவியம் கப்பலேறுவதற்குச் சற்று முன்பே, அவர் இறந்துவிட்டார். இந்தக் கதையில் என் மனம் ஆறாத இடம் இதுதான். தேடிக் கண்டுபிடித்தவருக்கு அது முழுமையாய் எழுந்து நின்ற காட்சி கிடைக்கவில்லை.

எஹிமே மாநிலத்தின் தோன் நகரில், எமிரு யோஷிமுராவின் தலைமையில் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, அழுக்கைத் துடைத்து, ஒரு வருடத்தில் மீட்டெடுத்தார்கள். 2006 கோடையில் டோக்கியோவின் ஷியோதோமேயில் முதன்முதலாகப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். பிறகு ஒரு வருடத்துக்கு மேல் டோக்கியோவின் சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் இருந்தது.

நிரந்தரமாக எங்கே வைப்பது? மூன்று இடங்கள் போட்டியிட்டன. குண்டு விழுந்த ஹிரோஷிமா, சூரிய கோபுரம் நிற்கும் சுய்தா, சிபுயா. யோசிக்காமல் சொன்னால் எவரும் ஹிரோஷிமா என்பார்கள். 2008இல் முடிவானது சிபுயா. நவம்பர் 17 அன்று திறந்துவைத்தார்கள்.

சிபுயா சரியான தேர்வு என்றே நினைக்கிறேன். ஹிரோஷிமாவுக்குப் போகிறவர் துக்கத்துக்குத் தயாராகிப் போகிறார். சிபுயாவில் யாரும் எதற்கும் தயாராக இல்லை. துணி வாங்க, நண்பரைப் பார்க்க, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓட வருகிறவர்கள் முன்னால் அந்த எலும்புக்கூடு நிற்கிறது. ஒகாமோட்டோ கலையைக் காசு கொடுத்துப் பார்க்கும் கூடத்துக்குள் பூட்டுவதை வெறுத்தவர். ‘கலை என்பது வெடிப்பு’ என்று தொலைக்காட்சி விளம்பரத்தில் கத்திச் சொன்னவர். அவர் வாழ்ந்து வேலை செய்த வீடு, இன்று அவர் பெயரிலான நினைவு அருங்காட்சியகம், சிபுயாவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் அவோயாமாவில் இருக்கிறது. ஆக ஓவியம் வந்து சேர்ந்தது அவருடைய சொந்தப் பேட்டைக்கு.

சிபுயாவும் மாறாமல் நிற்கும் இடமல்ல. 1885இல் திறந்த நிலையம் அது. சுற்றிலும் மேடு, நிலையம் பள்ளத்தில். அதனால் 1938இல் வந்த சுரங்க ரயில், மேட்டுக்குள்ளிருந்து நேராக வெளியே வந்து பல்பொருள் அங்காடியின் மூன்றாம் மாடியில் நின்றது. 2013இல் தோயோகோ வழித்தடம் பூமிக்கடியில் இறங்கியது. 2020இல் பழைய அங்காடி மூடப்பட்டது. வாசலில் ஹாச்சிகோ நாயின் சிலைகூட முதலில் வைத்தது அல்ல. அதைப் போர்க்காலத்தில் உலோகத்துக்காக உருக்கிவிட்டார்கள், 1948இல் புதிதாக வார்த்தார்கள். இடித்து இடித்துக் கட்டும் ஊரில் இந்த ஓவியம் கண்ணாடி மறைப்பு இல்லாமல் நிற்கிறது. தூசியும் ரயிலின் அதிர்வும் நேராக அதன் மேல்தான். ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் தூசி தட்டுகிறார்கள்.

2011இல் அணு உலை விபத்துக்குப் பிறகு, ‘சிம் பொம்’ என்ற இளங்கலைஞர் குழு புகை கக்கும் ஃபுகுஷிமா உலைகளை வரைந்த ஒரு பலகையை, ஓவியத்தின் வலது கீழ்மூலையில் காலியாக இருந்த இடத்தில் பொருத்திவிட்டுப் போனது. மூலத்துக்குச் சேதமில்லை. போலீஸ் விசாரித்தது, பலகை அகற்றப்பட்டது. சட்டம் தன் வேலையைச் செய்தது சரிதான். ஆனால் நாற்பது வருடத்துக்கு முந்தைய படத்தில் அடுத்த வரியை எழுதலாம் என்று அந்த இளைஞர்களுக்குத் தோன்றியதே, ஓவியம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சிபுயா போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: நடுவிலுள்ள எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், வலது பக்கம் போய் அந்தச் சின்னப் படகைத் தேடுங்கள். நிஜப் படகும் டோக்கியோவில்தான் இருக்கிறது. ஒகாமோட்டோ மெக்சிகோவில் அதை வரைந்த காலத்தில், அது யுமெனோஷிமா என்ற குப்பை மேட்டுத் தீவில் கைவிடப்பட்டுக் கிடந்தது. 1968இல் நாளிதழில் வந்த ஒரு வாசகர் கடிதம் ஊரை உசுப்பியது. மக்கள் பணம் திரட்டிக் காப்பாற்றினார்கள். 1976 முதல் அது அதே தீவில் கண்காட்சிக் கூடத்துக்குள் நிற்கிறது. ஷின்-கிபா நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும்.