பாலங்களில் கப்பல் மோதும் விபத்துகள்

துறைமுகத்துக்குள் வரும் அல்லது வெளியேறும் கப்பல்கள் பாலத் தூண்களிலோ நீர்வழியின் குறுக்கே செல்லும் பிற கட்டுமானங்களிலோ மோதி நேரும் விபத்துகள். நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோனால் பழுதுபார்க்க அவகாசம் உண்டு. ஒடுங்கிய நீர்வழியில் அது இல்லை. புரொப்பல்லர் தள்ளும் நீர் சுக்கானில் பட்டால்தான் கப்பல் நன்றாகத் திரும்பும். புரொப்பல்லர் சுழலாதபோது நங்கூரம் போட்டாலும் பல்லாயிரம் டன் எடை உடனே நிற்பதில்லை.

1975 ஜனவரி 5 அன்று ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில், துத்தநாகத் தாது ஏற்றிவந்த 'லேக் இல்லவாரா' டாஸ்மான் பாலத்தைத் தகர்த்தது. 12 பேர் மாண்டனர். 1980 மே 9 அன்று புளோரிடாவில், கண் தெரியாத மழைக்காற்றில் 'சம்மிட் வெஞ்சர்' சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் மோதி 35 பேர் இறந்தனர். பெரும்பாலோர் ஒரே பேருந்தில் வந்தவர்கள். 1987இல் திறந்த மாற்றுப் பாலத்தைச் சுற்றி, தூணைத் தொடுமுன் கப்பலைத் தடுக்கும் கான்கிரீட் அரண்கள் எழுந்தன. புதிய பாலங்களுக்கான வடிவமைப்பு வழிகாட்டி அமெரிக்காவில் 1991இல் வந்தது. பழைய பாலங்களை அது கட்டாயப்படுத்தவில்லை. அப்படி விட்டது பெரும் பிழை.

நம் வட்டாரத்தில் மறக்க முடியாதது 1983 ஜனவரி 29 மாலை சிங்கப்பூரில் நடந்தது. மோதியது சரக்குக் கப்பல் அன்று, 'எனிவெடோக்' என்ற எண்ணெய்த் துரப்பணக் கப்பல். அறுபட்டது பாலம் அன்று, செந்தோசாவுக்குச் செல்லும் கேபிள் கார் வடம். ஆயினும் பாடம் ஒன்றே. இழுவைப் படகுகள் உடனிருந்தும், கப்பலின் 69 மீட்டர் உயரக் கோபுரம் வடத்தில் சிக்கியது. இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்தன. ஏழு பேர் இறந்தனர். அந்தரத்தில் தொங்கிய நான்கு பெட்டிகளிலிருந்து 13 பேரை, காற்றும் இருளும் சூழ்ந்த இரவில், ஹெலிகாப்டர் வீரர்கள் கயிற்றில் இறங்கி மீட்டனர். மீட்புப் பணியை வழிநடத்தியவர் பின்னாளில் பிரதமரான லீ சியன் லூங்.

மலேசியாவில் பெருநிலத்திலிருந்து தீவுக்குச் செல்வோர் கடக்கும் பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அதில், கப்பல் செல்லும் இடைவெளி 225 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து உயரம் 33 மீட்டர். பட்டர்வொர்த் கொள்கலன் முனையம் பாலத்துக்கு வடக்கே இருப்பதால், பெரிய கப்பல்கள் பாலத்தின் கீழ் வராமலே வடக்கு வாயிலில் புகுந்துவிடுகின்றன. இடத் தேர்வே அங்கே முதல் காவல்.

தமிழ்நாட்டில் 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் நடுப்பகுதியைத் தொழிலாளர்கள் கையால் சுழற்றித் தூக்கிக் கப்பல்களுக்கு வழிவிட்டனர். 2013 ஜனவரியில் இழுத்துச் செல்லப்பட்ட கடற்படைக் கலம் அப்பாலத்தில் மோதியது.

2024 மார்ச் 26 அதிகாலை, பால்டிமோரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட, சுமார் 300 மீட்டர் நீளமுள்ள 'டாலி' கப்பல் மின்சாரம் அறுந்து திசை தவறி, ஒரு பாலத்தில் மோதி அதைத் தகர்த்தது. துறையில் உதவிய இழுவைப் படகுகள் அதற்குள் விலகிப் போயிருந்தன. மாலுமிகளில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். மோதுமுன் கப்பலின் பைலட் விடுத்த அபாய அழைப்பால் போலீசார் வாகனங்களை நிறுத்தினர். பாலத்தில் குழி அடைத்துக்கொண்டிருந்த இரவு வேலைக்காரர்களுக்குத்தான் அந்தச் செய்தி எட்டவில்லை. ஆறு பேர் இறந்தனர். எல்லோரும் பிழைப்புத் தேடி லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள்.

பெயர்ச்சீட்டு தடுத்ததால் மின்முனையத்தில் முழுதாகச் செருகப்படாத ஒரு கம்பியே மின்தடைக்குத் தொடக்கம் என அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025இல் கண்டறிந்தது. 1977இல் திறந்த அந்தப் பாலத்தின் மோதல் அபாயம் ஒருமுறைகூடக் கணக்கிடப்படவில்லை. இதே நிலையிலுள்ள 68 பாலங்களை ஆராயுமாறு வாரியம் உரிமையாளர்களிடம் கேட்டுக்கொண்டது.