ஹனிபாய் எட்வர்ட்ஸ்: அலைச்சலாய் அமைந்த வாழ்வும் முதுமையில் வந்த மதிப்பும்

டேவிட் ‘ஹனிபாய்’ எட்வர்ட்ஸ் (1915–2011) அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஷா என்னும் ஊரில் பிறந்த கறுப்பினப் புளூஸ் கலைஞர். பாடகர், கிதார் இசைஞர். புளூஸ் கலைஞர்களைக் கவலையற்ற ஊர்சுற்றிகளாகச் சித்திரிப்பது இசை எழுத்தாளர்கள் பலரின் வழக்கம். எட்வர்ட்ஸின் வாழ்வை அவ்வாறு வாசிப்பது போதாது என்பதே நமது கருத்து. அவருடைய அலைச்சல், பண்ணை உழைப்பிலிருந்து விலகி நிற்பதற்கு அவர் கண்ட வழியுமாகும்.

மிசிசிப்பி டெல்டா என்பது பருத்தி விளையும் சமவெளி. எட்வர்ட்ஸின் பெற்றோர் அங்கே வாரத்துக்குப் பயிரிட்டவர்கள். நிலமும் கணக்கேடும் பண்ணையாரிடம் இருந்தன. அறுவடை முடிந்ததும் முன்பணத்தைக் கழித்தபின் உழைத்தவருக்குப் பெரும்பாலும் கடனே மிஞ்சியது. கடனைக் காட்டி உழைப்பவரைப் பண்ணையோடு பிணைக்கும் இம்முறை நம் வாசகர்கள் அறியாததன்று.

அந்தப் பிணைப்புக்குச் சட்டமும் துணைநின்றது. 1865இல் அடிமை முறையை ஒழித்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பை விதிப்பதற்கு மட்டும் விலக்களித்தது. அதே ஆண்டில் மிசிசிப்பி, கறுப்பினத்தவர் வேலையின்றித் திரிவதைக் குற்றமாக்கியது. அபராதம் கட்ட இயலாதவரை, அதைக் கட்ட முன்வரும் எவருக்கும் வேலையாளாக அளிக்கலாம் என்றும் விதித்தது. அந்தச் சட்டத்தொகுப்பு விரைவில் செயலிழந்தபோதிலும், ‘திரிதல்’ என்னும் குற்றம் வேறு சட்டங்களின் வழியே நீடித்தது. இத்தகைய தெளிவற்ற சட்டம் செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1972இல்தான்.

இச்சூழலில், பதின்பருவத்திலேயே பிக் ஜோ வில்லியம்ஸ் என்னும் மூத்த கலைஞருடன் எட்வர்ட்ஸ் வீட்டைவிட்டு வெளியேறினார். சரக்கு ரயில்களில் தொற்றிப் பயணம் செய்தார். தெருமுனைகளிலும் சனிக்கிழமை இரவு விருந்துகளிலும் வாசித்தார். வயல்வேலை நடக்கும் பகற்பொழுதில் தெருவில் தென்பட்டால் பிடித்துச் செல்வார்கள் என்பதால், மாலைவரை வீட்டுக்குள்ளேயே இருந்ததை 1997இல் வெளியான தன்வரலாற்றில் அவர் விவரிக்கிறார். ஒரு கறுப்பின இளைஞன் கையில் கிதாருடன் நடப்பதே சட்டத்தின் கண்ணுக்குக் குற்றமாய்த் தோன்றிய காலம் அது. 1938இல் மறைந்த ராபர்ட் ஜான்சன் அவருடைய வழித்துணைவர்களுள் ஒருவர்.

1942இல் ஆலன் லோமாக்ஸ், நாடாளுமன்ற நூலகத்துக்காக எட்வர்ட்ஸின் பாடல்களை மிசிசிப்பியில் ஒலிப்பதிவு செய்தார். அப்பதிவுகள் ஆவணக்காப்பகத்தில் சேர்ந்தன; பாடியவரின் பிழைப்பு மாறவில்லை. 1950களில் சிகாகோவில் குடியேறிய அவர், தொழிற்சாலைகளிலும் கட்டுமானப் பணிகளிலும் உழைத்துக்கொண்டே இசையைத் தொடர்ந்தார்.

மதிப்பு முதுமையில் வந்தது. 2002இல் தேசியக் கலை நிதியம் அவருக்கு மரபுக்கலைகளுக்கான உயரிய விருதை அளித்தது. 2008இல், டல்லாஸ் மேடையில் பதிவான இசைத்தொகுப்புக்காக ஹென்றி டவுன்சென்ட், பைன்டாப் பெர்கின்ஸ், ராபர்ட் லாக்வுட் ஆகியோருடன் கிராமி விருதைப் பகிர்ந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 92. டவுன்சென்டும் லாக்வுட்டும் 2006லேயே இறந்துவிட்டனர். 2010இல் கிராமியின் வாழ்நாள் சாதனை விருதும் கிடைத்தது. 2011 வரை மேடையேறிய எட்வர்ட்ஸ், அவ்வாண்டு ஆகஸ்ட் 29 அன்று தமது 96ஆம் வயதில் சிகாகோவில் காலமானார்.

இவ்விருதுகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நான்கு கலைஞர்களுக்கான பரிசு இருவர் இறந்தபின் வந்தது என்பதும் அதன் வரலாற்றில் அடங்கும். எட்வர்ட்ஸ் நீண்ட ஆயுளால் அந்த மதிப்பை எட்டினார். அவரோடு அதே சாலைகளில் நடந்து, பெயர்கூடப் பதிவாகாமல் மறைந்தவர்கள் பலர். அவருடைய வாழ்வை எழுதும்போது, எந்த ஊர்களில் வாசித்தார் என்பதோடு, எதிலிருந்து தப்பி நடந்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.