கிணறும் சுரங்கமும்

நெய்வேலியின் வரலாறு ஒரு கிணற்றில் தொடங்குகிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது கரிய கட்டிகள் வெளிப்பட்டன. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று. 1957-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குப் புலப்பட்டது.

நீர் தேடியவர் கரியைக் கண்டார். கரி தேடியோரோ நீரோடு போராடினர். படுகைக்கு அடியில் பேரழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்தாலன்றிச் சுரங்கத்தின் தரை பிளந்துவிடும்.

இவை ஏடுகளில் உள்ளன. ஏட்டில் ஏறாதவை முதியோர் நாவில் வாழ்கின்றன. சக்கர எந்திரத்தின் இரைச்சலுக்கிடையே சைகையால் பேசிக்கொண்டதைத் தொழிலாளர் நினைவுகூர்வர். நிலம் கொடுத்து இடம்பெயர்ந்த மூதாட்டியிடம் ‘உங்கள் ஊர் எங்கே இருந்தது?’ எனக் கேளுங்கள். அவர் விரல் சுரங்கப் பள்ளத்தின் மேலுள்ள வெறும் வெளியைச் சுட்டும்: ‘அங்கேதான் முந்திரித் தோப்பு, அதையடுத்துக் கிணறு.’ மண்ணே இல்லாத இடத்தில் ஊரை நிறுத்தி வைத்திருப்பது அவரது நினைவு ஒன்றே.

முதலியாரின் பெயர் நிலைத்தது. அக்கிணற்றை வெட்டியோர் பெயர் நிலைக்கவில்லை. அதே மறதி இத்தலைமுறைக்கும் நேராதிருக்க வேண்டுமெனில், முதியோர் பேசும்போது நம்மில் ஒருவரேனும் அருகமர்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். காலம் காத்திருப்பதில்லை.