காக்கா ஆழி வந்த வழி

எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் கருநிறச் சிப்பியின் அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் கரைகள். கவரைப்பேட்டைக்குக் கிழக்கே விரியும் உப்பங்கழிக்கு அது வந்து சேர்ந்த வரலாறு, இக்கரையின் கப்பல் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். அக்காலக் கப்பல்கள் நிலை தடுமாறாமலிருக்க அடித்தட்டில் கல்லும் மணலும் ஏற்றின. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய கால்வாய் பின்னர் பழவேற்காடு வரை நீண்டு, பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. 2001-இல் எண்ணூர் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. இன்றைய கப்பல்கள் கல்லுக்குப் பதிலாகக் கடல்நீரை நிரப்பிக்கொள்கின்றன. சரக்கேற்ற வரும் கப்பல், ஒரு துறைமுகத்தில் நிரப்பிய நீரை இன்னொன்றில் கொட்டிவிடுகிறது.

காக்கா ஆழியின் பயணத்துக்கு இந்த நீர் போதும். முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரில் மிதந்து திரியும். பிறகு நூலிழைகளைச் சுரந்து எதையாவது பற்றிக்கொண்டு வளரும். 1986-இல் அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில், மின்நிலையத்தின் நீரேற்றுக் குழாய்களில் அது காணப்பட்டது. 2014-இல் பிலிப்பைன்ஸ், 2016-இல் சிங்கப்பூர் என ஆசியாவில் பரவியது. கொச்சிக் காயலில் அது வாழ்வதை 2019-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். பெரும்பாலும் துறைமுகங்களை ஒட்டியே பரவியிருப்பதால், கப்பல்களே அதைச் சுமந்து வந்தன என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

வந்து இறங்கும் உயிரினங்கள் எல்லாம் நிலைப்பதில்லை. பருவமழையில் ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவரும் நன்னீரால் இந்தக் கழியின் உப்பு குறையும், கோடையில் ஏறும். இந்த மாற்றத்தைத் தாங்காத கடல்வாழ் உயிர்கள் மடிந்துவிடும். காக்கா ஆழியோ மெல்ல மெல்லப் பழகி, மிகக் குறைந்த உப்பிலும் கடலை மிஞ்சும் உப்பிலும் வாழும். கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் வேரூன்றிய அதற்குப் பழவேற்காட்டை நோக்கிச் செல்லக் கழியும் கால்வாயும் வழி திறந்து கிடந்தன.

வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பது இங்குள்ள இருளர்களின் தொழில். இறால் பதுங்கும் அந்தச் சேற்றின் மேல் காக்கா ஆழி பாய்போலப் படர்ந்துவிடுகிறது. கைவைத்தால் ஓடு கீறுகிறது. அடியில் மட்டி மூச்சுத் திணறிச் சாகிறது. மீனவர்களின் முறையீடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

கப்பல் நீரைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2004-இல் ஏற்கப்பட்டு, 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அடித்தரையில் படிந்த சிப்பியைத் தோண்டி எடுத்தாலும், நீரில் மிதக்கும் இளவுயிரிகள் மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே இத்தகைய உயிரினங்களைத் துறைமுக வாசலிலேயே தடுப்பதுதான் உறுதியான காப்பு. அந்தக் கண்காணிப்பில் காட்டும் அக்கறையே இறாலை நம்பி வாழும் குடும்பங்களைக் காக்கும்.